மர வளையமும் ஆழ்துளையும்: பழங்கால வெப்பநிலையைக் கணக்கிடுவது எப்படி?

வெப்பமானிப் பதிவுகளைக் கொண்டு உலகச் சராசரி வெப்பநிலையைக் கணக்கிட முனைந்தால், ஏறத்தாழ 1850-ஆம் ஆண்டோடு கணக்கு நின்றுவிடும். நடு இங்கிலாந்துக்கு மட்டும் 1659 வரை பின்னால் போகும் ஒரு தொடர் உண்டு. அத்தகையவை மிகச் சில. அதற்கு முந்தைய கோடைகளும் குளிர்காலங்களும் எப்படி இருந்தன என்று அறிய வேறு சாட்சிகளைத்தான் தேட வேண்டும். மரத்தின் ஆண்டு வளையமும் பாறையில் இட்ட ஆழ்துளையும் அவற்றுள் இரண்டு.

இரண்டின் குணமும் நேரெதிர். மரம் ஆண்டைத் துல்லியமாகச் சொல்லும். எத்தனை டிகிரி என்பதை வெப்பமானியிடம் கடன் வாங்கித்தான் சொல்லும். பாறை டிகிரியிலேயே பேசும், நூற்றாண்டுக் கணக்கில் நகரும் மாற்றத்தைத் தவறவிடாது; எந்த ஆண்டு என்று கேட்டால் கைவிரித்துவிடும். இந்தத் துறையில் நடந்த சண்டைகளில் பாதி, ஒன்றிடம் கேட்க வேண்டியதை மற்றொன்றிடம் கேட்டதால் வந்தவை என்பது என் எண்ணம். ஆகவே இரண்டையும் தனித்தனியே செய்து முடித்து, கடைசியில் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும் வரிசையில் இந்த வழிகாட்டியை அமைத்திருக்கிறேன். மரத்துக்கு வடக்கு ஸ்வீடனின் டோர்னெட்ரஸ்க் ஏரிப் பகுதியையும், துளைக்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தையும் முக்கிய எடுத்துக்காட்டுகளாகக் கொள்கிறேன்.

முதல் பகுதி: மரம்

1. சரியான மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

மரத்தின் வளர்ச்சியை எது தடுக்கிறதோ, அதன் வரலாற்றைத்தான் வளையம் எழுதி வைக்கும். வறண்ட மலையடிவாரத்தில் நிற்கும் மரத்துக்குத் தண்ணீர்தான் தட்டுப்பாடு. அதன் வளையம் மழையைச் சொல்லும். வெப்பநிலை வேண்டுமென்றால், குளிரினால் மரம் வளரவே தயங்கும் எல்லைக்குப் போக வேண்டும். மலையில் மரங்கள் நின்றுபோகும் உயரமோ, துருவத்தை ஒட்டிய காட்டின் விளிம்போ அதற்கு ஏற்றது. டோர்னெட்ரஸ்க் 68 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்குள்ள ஸ்காட்ஸ் பைன் மரங்களுக்குக் கோடைச் சூடு போதாமைதான் பெரிய தடை. பக்கத்திலுள்ள அபிஸ்கோ ஆய்வு நிலையத்தில் 1913 முதல் வெப்பநிலை அளக்கப்பட்டு வருவது கூடுதல் வசதி.

நம் ஊரில் இதைச் செய்ய முடியாதா என்று கேட்பவர்களுக்கு: வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் தெளிவான ஆண்டு வளையம் விழுவதில்லை. தேக்கு விதிவிலக்கு. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைத் தேக்கு பெரும்பாலும் பருவமழையைப் பற்றியே பேசுகிறது. மேற்கு இமயத்தின் தேவதாருவில் வெப்பநிலைச் செய்தி உண்டு, அதுவும் தலைகீழாக: பருவமழைக்கு முந்தைய மாதங்கள் சூடானால் மண் காய்கிறது, வளையம் ஒடுங்குகிறது. அகலமான வளையம் என்றால் வெப்பமான ஆண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடக் கூடாது.

2. மாதிரி எடுத்தல்

இதற்காக மரத்தை வெட்ட வேண்டியதில்லை. உள்ளே குழலாக இருக்கும் திருகுத் துளைக்கருவியை மார்பளவு உயரத்தில் மரத்தின் மையத்தை நோக்கிக் கையாலேயே திருகினால், சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மரக்குச்சி வெளியே வரும். ஒரு மரத்தில் இரண்டு குச்சிகள், ஓரிடத்தில் குறைந்தது 20 மரங்கள் என்பது பொது வழக்கம். சரிவில் நிற்கும் மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ள ஒரு பக்கம் மட்டும் தடித்து வளரும் என்பதால், சரிவின் ஏற்றத் திசையிலும் இறக்கத் திசையிலும் துளையிடாமல் பக்கவாட்டில் துளையிட வேண்டும். குச்சியைத் தாள் குழலில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

உயிருள்ள மரங்கள் சில நூற்றாண்டுகளோடு முடிந்துவிடும். அதற்கு முன்னால் போகப் பழைய வீடுகளின் உத்தரங்களும், ஏரி அடியில் காற்றுப் படாமல் கிடக்கும் பட்டுப்போன மரங்களும் உதவும். டோர்னெட்ரஸ்க் தொடர் 7,000 ஆண்டுகளுக்கு மேல் நீண்டது இப்படிப்பட்ட மரங்களால்தான்.

3. ஆண்டு குறித்தல்

குச்சியை மரச்சட்டத்தில் ஒட்டி, செல்கள் தெரியும்வரை மணல்தாளால் படிப்படியாகத் தேய்க்க வேண்டும். சொரசொரப்பான தாளில் தொடங்கி 400, 600 எண் தாள்வரை போவார்கள். இதில் சொல்ல அதிகமில்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்ததுதான் இந்தக் கலையின் உயிர்நாடி. பட்டையிலிருந்து உள்நோக்கி வளையங்களை எண்ணினால் ஆண்டு கிடைத்துவிடும் என்றுதான் தோன்றும். கிடைக்காது. கடும் குளிரிலோ வறட்சியிலோ மரம் சில ஆண்டுகளில் வளையமே போடாமல் விட்டுவிடும். சில ஆண்டுகளில் வளர்ச்சி நடுவில் தடைபட்டு மறுபடி தொடங்கி, போலி வளையம் ஒன்றைச் சேர்த்துவிடும். அதனால் பல மரங்களின் அகல, குறுகல் வரிசைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். அமெரிக்க வானியலாளர் ஏ. இ. டக்ளஸ் சூரியப் புள்ளிகளின் சுழற்சியை மரத்தில் தேடப் போனவர். அந்தத் தேடலில் வளர்ந்ததுதான் இந்தப் பொருத்தல் முறை. இதைக் கொண்டு 1929-இல் அவர் தென்மேற்கு அமெரிக்காவின் பழங்குடிக் கட்டடங்களுக்கு ஆண்டு குறித்தார். 1937-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மர வளைய ஆய்வகத்தையும் நிறுவினார்.

வட அரைக்கோளத்தில் குளிர் எல்லை மரங்களைப் பார்ப்பவர்களுக்கு 1601 நல்ல அடையாள ஆண்டு. 1600-இல் பெருவின் ஹுவாய்னபுட்டினா எரிமலை வெடித்ததற்கு அடுத்த ஆண்டு அது. பல இடங்களில் வளையம் மெலிந்தும் வெளிறியும் கிடக்கும். 1815 தம்போரா வெடிப்புக்கு அடுத்த 1816-ஐயும் தேடிப் பாருங்கள். கண்ணால் பொருத்திய பிறகு கோஃபெச்சா என்ற நிரலில் சரிபார்ப்பார்கள். அது ஒவ்வொரு தொடரையும் 50 ஆண்டுத் துண்டுகளாக வெட்டி, மற்ற மரங்களின் சராசரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். இரண்டு வரிசைகளும் எவ்வளவு ஒத்து நகர்கின்றன என்று காட்டும் எண்ணான ஒட்டுறவுக் கெழு 0.3281-க்குக் கீழே விழும் துண்டைக் கொடி காட்டும். நிரல் சொல்லிவிட்டது என்பதற்காக ஆண்டை மாற்றாதீர்கள். மறுபடி நுண்ணோக்கியில் மரத்தைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

4. எதை அளப்பது?

வளைய அகலத்தை அளப்பது எளிது. ஆனால் வெப்பநிலைக்கு அகலத்தைவிட நல்ல சாட்சி, கோடை முடிவில் உருவாகும் கருமையான பின்பருவக் கட்டையின் உச்ச அடர்த்தி. அகலத்தில் முந்தைய ஆண்டின் சேமிப்பும் கலந்திருக்கும். அடர்த்தி பெரும்பாலும் அந்தந்தக் கோடையின் கணக்கு. 1601 போன்ற திடீர் வீழ்ச்சிகள் அடர்த்தியில் கூர்மையாகத் தெரிவதும் இதனால்தான். குச்சியை மெல்லிய தகடாக அறுத்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து இதை அளக்கிறார்கள், செலவு அதிகம். பிசினைக் கரைத்து நீக்கிவிட்டு, சாதாரண ஸ்கேனரில் படமெடுத்து, மரம் எவ்வளவு நீல ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்ப்பது மலிவான மாற்றுவழி. மரத்தைக் கெட்டியாக்கும் பொருளான லிக்னின் அதிகமானால் நீலம் உறிஞ்சப்படும். ஆனால் உள்மரமும் வெளிமரமும் நிறத்தில் வேறுபடுவதே போலியான ஒரு போக்கை உண்டாக்கிவிடும் என்பதைக் கவனியுங்கள்.

5. வயதின் தாக்கத்தை நீக்குதல்

இளமரத்தில் வளையம் தடிமனாகவும், முதிர முதிர மெல்லியதாகவும் விழும். இந்தச் சரிவு காலநிலையால் வந்ததன்று, நீக்கியாக வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வளைகோடு பொருத்தி, அளவை அந்தக் கோட்டு மதிப்பால் வகுப்பது வழக்கமான முறை.

மரம் தன் நீண்டகால நினைவை இழக்கும் இடம் இதுதான். ஒரு மரம் 200 ஆண்டு வாழ்ந்தது, அந்த 200 ஆண்டுகளிலும் உலகம் மெல்லக் குளிர்ந்துகொண்டே வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையம் ஒடுங்கியதில் வயதின் பங்கு எவ்வளவு, குளிரின் பங்கு எவ்வளவு என்று அந்த ஒரு மரத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. கோடு இரண்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும். 200 ஆண்டுத் துண்டுகளை ஒட்டி 2,000 ஆண்டுத் தொடர் செய்தாலும், 200 ஆண்டுகளைவிட நீண்ட அலைகள் அதில் பெரும்பாலும் தங்காது. எட் குக்கும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் இதைத் துண்டு நீளத்தின் சாபம் என்றே அழைத்தார்கள்.

மாற்றுவழி, எல்லா மரங்களையும் நாட்காட்டி ஆண்டின்படி அடுக்காமல் வயதின்படி அடுக்கிச் சராசரி எடுப்பது. பத்து வயதில் இந்த இன மரம் பொதுவாக எவ்வளவு வளரும், நூறு வயதில் எவ்வளவு என்று ஒரு பொது வளைகோடு கிடைக்கும். வெவ்வேறு நூற்றாண்டுகளில் வாழ்ந்த மரங்கள் கலந்திருப்பதால் காலநிலை சராசரியில் அடிபட்டு, வயது மட்டும் மிஞ்சும். இதற்கு எல்லாக் காலத்திலிருந்தும் ஏராளமான மரங்கள் வேண்டும். இன்று உயிரோடிருக்கும் மரங்களை மட்டும் வைத்துச் செய்தால் புதிய பிழைகள் புகும். இரண்டு முறையிலும் செய்து இரண்டு முடிவையும் வெளியிடுபவர்களை நான் கூடுதலாக நம்புகிறேன்.

இறுதிச் சராசரியில் மரங்களின் எண்ணிக்கை பின்னால் போகப் போகக் குறையும். மரங்கள் ஒத்த குரலில் பேசுகின்றனவா என்று அளக்கும் குறியீடு ஒன்று இருக்கிறது. விக்லி, பிரிஃபா, ஜோன்ஸ் ஆகியோர் 1984-இல் முன்வைத்தது. அது 0.85-க்குக் கீழே போகும் காலத்தைப் பயன்படுத்தாமல் விடுவது வழக்கம்.

6. வளையத்தை டிகிரியாக்குதல்

இப்போது கையில் இருப்பது அலகில்லாத எண் வரிசை. அபிஸ்கோ போன்ற நிலையத்தின் மாத வெப்பநிலைகளோடு ஒப்பிட்டு, மரம் எந்த மாதங்களுக்குச் செவிசாய்க்கிறது என்று பாருங்கள். வடக்கு மரங்களுக்கு அது பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை. மாதங்களை மரத்தின் உடலியலை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டு மாதங்களையும் எல்லாச் சேர்க்கைகளிலும் முயன்று, ஒட்டுறவு அதிகமாக வந்ததை எடுத்துக்கொண்டால் தற்செயலும் ஆதாரம்போலத் தெரியும்.

பதிவுக் காலத்தை இரண்டாக வெட்டுங்கள். முதல் பாதியில் சமன்பாட்டைப் பொருத்தி, இரண்டாம் பாதியை ஊகித்துச் சரிபாருங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். வெறும் சராசரியை ஊகமாகச் சொல்வதைவிட உங்கள் சமன்பாடு தேறுகிறதா என்பதுதான் தேர்வு. தேறாவிட்டால் அந்த மரங்களை மூட்டை கட்டுங்கள்.

ஒட்டுறவு 0.7 வந்தால் மகிழ்வார்கள். அதன் இருமடி 0.49, அதாவது வெப்பநிலை ஏற்ற இறக்கத்தில் பாதியைத்தான் மரம் விளக்குகிறது. சாதாரணப் பின்னடைவுச் சமன்பாடு மீதியைத் தட்டையாக்கிவிடும், பழைய குளிரும் பழைய சூடும் உண்மையைவிட மிதமாகத் தெரியும். விளக்கப்படாத பகுதியைப் பிழைப்பட்டையாக வரைந்தே தீர வேண்டும்.

வேறொரு சிக்கலும் உண்டு. பிரிஃபாவும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் காட்டியபடி, வட அட்சங்களின் பல இடங்களில் சுமார் 1960-க்குப் பிறகு வெப்பமானி ஏறுகிறது, அடர்த்தி அதே வேகத்தில் ஏறவில்லை. வறட்சி, மாசு, வளைகோடு பொருத்தும் முறை எனப் பல காரணங்கள் பேசப்படுகின்றன. எல்லா இடத்திலும் இது நிகழவில்லை. நிகழ்ந்த இடத்தில் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு வரைபடம் போடுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

இரண்டாம் பகுதி: ஆழ்துளை

7. அடிப்படை இயற்பியல்

மொட்டைமாடித் தளம் பகல் வெயிலை வாங்கி இரவில் மெல்ல விடுவதுபோல, தரையும் மேற்பரப்பின் சூட்டை வாங்கி மெல்ல ஆழத்துக்கு அனுப்புகிறது. ஆண்டுச் சுழற்சி 15, 20 மீட்டருக்குள் அடங்கிவிடும். நீண்ட மாற்றம் இன்னும் ஆழம் போகும், ஆனால் ஆழம் காலத்தின் இருமடி மூலத்துக்கேற்பத்தான் கூடும்: இருமடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு காலம். சாதாரணப் பாறையில் 100 ஆண்டுக்கு முந்தைய மாற்றத்தின் தடம் சுமார் 110 மீட்டரை ஒட்டியும், 500 ஆண்டு என்றால் 250 மீட்டரை ஒட்டியும், 1,000 ஆண்டு என்றால் 350 மீட்டரை ஒட்டியும் இருக்கும். பனியுகத்தின் குளிர் இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறது.

கீழிருந்து பூமியின் உள்வெப்பமும் மேலே வருகிறது. அதனால் கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி என்ற அளவில் ஆழம் போகப் போகச் சூடு நேர்கோட்டில் ஏற வேண்டும். மேற்பகுதியில் அந்த நேர்கோடு வளைந்திருந்தால், வளைவுதான் காலநிலையின் தடம். 1986-இல் லாச்சன்புரூக், மார்ஷல் இருவரும் அலாஸ்காவின் உறைநிலத்து எண்ணெய்க் கிணறுகளில் இந்த வளைவைப் படித்து, அங்கே தரை 2 முதல் 4 டிகிரி வரை சூடாகியிருப்பதைக் காட்டிய பிறகே பலர் இந்தப் பக்கம் திரும்பினர்.

8. துளையைத் தேர்ந்தெடுத்து அளத்தல்

கனிமத் தேடலுக்கு இட்டு, பின் கைவிட்ட துளைகள் மிகப் பொருத்தமானவை. குறைந்தது 200, 300 மீட்டர் ஆழம், கருங்கல் போன்ற கெட்டிப் பாறை, சமதளம், நீரோட்டம் இல்லாமை ஆகியவை வேண்டும். நம் ஊரில் வயலுக்கு வயல் ஆழ்துளைக் கிணறுகள் இருக்கின்றனவே என்று ஆசைப்படலாம். மோட்டார் வைத்து இறைக்கும் கிணறு இதற்கு உதவாது. நீர் ஓடும்போது அதுவே சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இந்தியாவில் ஹைதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தினர் பயன்பாட்டில் இல்லாத துளைகளில் அளந்துதான், தரை ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சூடாகியிருப்பதைக் கணக்கிட்டார்கள்.

அருகில் காடு அழிந்த இடம், சாலை, ஏரி, புதிய குடியிருப்பு இருந்தால் அந்தத் துளையை விட்டுவிடுங்கள். துளையிட்ட சூடு தணியும்வரை, பாதுகாப்புக்கு ஓராண்டுக்கு மேலாவது, காத்திருங்கள். பிறகு டிகிரியில் நூறில் ஒரு பங்கையாவது பிரித்துக் காட்டும் தெர்மிஸ்டர் உணரியை (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் கருவி) கம்பியில் இறக்கி, சில மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, எண் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ள வேண்டும். இறக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஏற்றும்போது தண்ணீர் ஏற்கெனவே கலங்கியிருக்கும். மேல் 20 மீட்டரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாறைத் துண்டுகளின் வெப்பக் கடத்துதிறனையும் ஆய்வகத்தில் அளந்தாக வேண்டும். பாறை மாறினால் ஆழத்தோடு சூடு ஏறும் வீதமும் மாறும். அதைக் காலநிலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

9. வளைவைப் படித்தல்

ஒரு கற்பனைத் துளை. அடிப்பகுதியில் மீட்டருக்கு 0.025 டிகிரி சீரான ஏற்றம். 300 மீட்டரில் 16.5 டிகிரி. இந்தக் கோட்டை மேலே நீட்டினால் தரையில் 9.0 வரும். 20 மீட்டரில் 9.5 இருக்க வேண்டும், அளந்தது 10.1. மிகை 0.6. இதேபோல 50 மீட்டரில் மிகை 0.4, 112 மீட்டரில் 0.12.

100 ஆண்டுகளுக்கு முன் தரை ஒரேயடியாக 0.75 டிகிரி சூடாகி அப்படியே நின்றது என்று கொண்டு வெப்பக் கடத்தல் சமன்பாட்டில் போட்டால், இந்த மூன்று எண்களும் அச்சாக வரும். கணக்கு முடிந்ததாகத் தோன்றும். இப்போது 250 ஆண்டுகளாகச் சீராக ஏறி மொத்தம் 0.78 டிகிரி சூடானது என்று போட்டுப் பாருங்கள். 20 மீட்டரில் 0.6, 50-இல் 0.4, 112-இல் 0.15 வரும். 20 மீட்டருக்குக் கீழே எந்த ஆழத்திலும் இரண்டு கதைகளுக்கும் இடையே ஏறத்தாழ 0.03 டிகிரிக்கு மேல் வேறுபாடில்லை. பாறையின் சீரின்மையே அந்த அளவு பிழையைத் தரும். எவ்வளவு சூடானது என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. எப்போது, எப்படி என்பதில் 150 ஆண்டு வித்தியாசம். கருவியை எவ்வளவு மேம்படுத்தினாலும் இது முழுவதும் தீராது. வெப்பம் பரவும்போதே விவரம் அழிந்துவிடுகிறது.

எனவே நிரலில் பின்னோக்கிக் கணிக்கும்போது, ஆண்டு வாரியான முடிவைக் கேட்காதீர்கள். நூற்றாண்டுக்கு ஒரு மாற்ற வீதம் என்று கேட்பதே போதும். ஹுவாங், பொல்லாக், ஷென் மூவரும் 2000-இல் 616 துளைகளைக் கொண்டு அப்படித்தான் செய்தார்கள். ஐந்து நூற்றாண்டுகளில் தரை மொத்தம் ஏறத்தாழ ஒரு டிகிரி சூடாகியிருந்தது. அப்போதைய மர வளைய மதிப்பீடுகள் காட்டியதைவிட இது அதிகம்.

மூன்றாம் பகுதி: இரண்டையும் எதிரெதிரே நிறுத்துதல்

மர வளைய வரைபடத்தின் மேல் ஆழ்துளை வரைபடத்தை ஒட்டி, எது சரி என்று பட்டிமன்றம் நடத்துவது பயனற்றது. ஒன்று கோடைக் காற்றைப் பற்றியது. மற்றொன்று ஆண்டு முழுவதுக்குமான தரையைப் பற்றியது. குளிர்நாடுகளில் பனிப்போர்வை தரையைக் குளிரிலிருந்து மூடி வைக்கும். பனி பெய்யும் காலம் மாறினால் காற்று மாறாமலே தரை மாறும்.

யூட்டா பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ், சாப்மன் இருவரும் வடமேற்கு யூட்டாவின் எமிகிரன்ட் கணவாயில், கருங்கல் துளை ஒன்றின் அருகே காற்று, தரை வெப்பநிலைகளைத் தொடர்ந்து பதிவுசெய்யும் நிலையத்தை 1990-களில் அமைத்தார்கள். காற்றும் தரையும் எவ்வளவு ஒத்து நகர்கின்றன என்று ஊகிக்காமல் அளந்துவிடலாம் என்பதே நோக்கம். அவர்கள் கையாண்ட ஒரு வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன்: பின்னோக்கிக் கணிப்பதை விட்டுவிட்டு முன்னோக்கிக் கணித்தல். உங்கள் மர வளைய வெப்பநிலைத் தொடரைத் தரையின் மேல் நிகழ்ந்த வரலாறாக வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கணினியில் பாறைக்குள் கடத்தவிட்டு, இன்று துளையில் என்ன வெப்பநிலை தெரிய வேண்டும் என்று கணக்கிடுங்கள். அளந்ததோடு ஒப்பிடுங்கள்.

மேல் 100 மீட்டரில் ஒத்து, அதற்குக் கீழே அளந்த மிகை கூடுதலாக இருந்தால், உங்கள் மரத்தொடர் 1500 முதல் 1800 வரையிலான குளிரைக் குறைத்துக் காட்டுகிறது என்று ஐயப்படலாம். ஐந்தாம் படிக்குத் திரும்பிப்போய் வேறு வளைகோட்டால் முயலுங்கள். மேற்பகுதியிலேயே ஒத்துப்போகாவிட்டால் துளைக்கு அருகே நிலப்பயன்பாடு மாறியதா என்று விசாரியுங்கள். 2005-இல் மோபெர்க் குழுவினர் மர வளையங்களிலிருந்து குறுகிய ஏற்ற இறக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, நீண்ட அலைகளை ஏரிப் படிவு போன்ற பிற சான்றுகளிலிருந்து எடுத்து இணைத்தார்கள். அவர்கள் கண்ட பழங்கால ஏற்ற இறக்கம் முந்தைய மதிப்பீடுகளைவிடப் பெரியது. ஆழ்துளைகள் சொன்னதற்கும் நெருங்கியது.

முடிவை எழுதும்போது காலத்துக்கேற்ப நம்பிக்கையைக் குறைத்துச் சொல்லப் பழகுங்கள். ஜெரால்ட் நார்த் தலைமையில் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2006-இல் தந்த அறிக்கை இதற்கு நல்ல முன்மாதிரி. கடந்த 400 ஆண்டுகளுக்கு உயர்ந்த நம்பிக்கை, 900 முதல் 1600 வரை குறைந்த நம்பிக்கை, 900-க்கு முன் மிகக் குறைவு என்று அது தரம் பிரித்தது. பட்டை உரிந்த பிரிஸில்கோன் பைன் (மேற்கு அமெரிக்க மலைகளில் மிக நீண்ட காலம் வாழும் பைன் இனம்) மரங்களை வெப்பநிலைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றும் எச்சரித்தது.

துளைக்கருவியோ தெர்மிஸ்டரோ இல்லாமல் இதைப் பழக விரும்புகிறவர்கள் உலக மர வளையத் தரவு வங்கியில் தொடங்கலாம். 1974-இல் ஏற்படுத்தப்பட்ட அதை இப்போது அமெரிக்க அரசின் நோவா அமைப்பு பராமரிக்கிறது. ஆழ்துளை அளவீடுகளும் அதன் தொல்காலநிலைக் களஞ்சியத்திலேயே கிடைக்கும். ஆர் நிரல்மொழியில் டிபிஎல்ஆர் என்ற இலவசத் தொகுப்பு, ஆண்டு பொருத்துவது முதல் வயதை நீக்குவது வரை செய்துதரும். முதல் பயிற்சியாக, வடக்கு ஸ்வீடனின் ஒரு பைன் தொடரை எடுத்து, மேலே சொன்ன இரண்டு முறைகளிலும் வயதை நீக்கி, 17-ஆம் நூற்றாண்டின் சராசரி இரண்டுக்கும் இடையே எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.